ஒன்பதே ஒன்பது வேலை

பொன்னுராஜ் கம்பத்தில் திராட்சை வியாபாரி. போன வாரத்திலிருந்து கம்ப்யூட்டர் வல்லுநரும்கூட. செல்போனில் வீடியோ பார்த்தே பைத்தான் என்ற கம்ப்யூட்டர் மொழியைக் கற்றுக்கொண்ட ஆள் அந்தத் தெருவில் வேறு யாருமில்லை என்று அவருக்குத் தலைகால் புரியாத பெருமை.

வீட்டில் அதிகம் உழைப்பது யார் என்று மனைவி சாராளோடு அவருக்குக் கல்யாணமான நாள் முதல் வழக்கு. அதைத் தீர்க்கவே ஒரு ப்ரோகிராம் எழுதினார். அன்றன்று செய்த வேலைகளின் எண்ணிக்கையை இருவரும் தட்ட வேண்டும். தோற்றவர் பாத்திரம் கழுவ வேண்டும்.

முதல் நாள் அவர் ஒன்பது வேலை. ஃபேனைப் போட்டது, அணைத்தது எல்லாம் சேர்த்துத்தான். சாராள் பதினான்கு. ‘பொன்னுராஜ் வெற்றி’ என்றது திரை.

அவருக்கே திடுக்கென்றது. ஆனாலும் வந்த வெற்றியை விட மனசில்லை.

“பதினாலு பெருசா, ஒம்பது பெருசா?” என்றாள் சாராள்.

“அது வேலையோட தரத்தையும் பாக்கும் புள்ள. மிஷின் சொல்றதுதான் தீர்ப்பு.”

உடனே மைத்துனன் ஸ்டான்லிக்கும் போன் போட்டு இதையே பெருமையாகச் சொல்லி, அவனைச் சாட்சியாக்கிக்கொண்டார். சாராள் பாத்திரம் கழுவினாள். கையைத் துடைத்துவிட்டு, ப்ரோகிராமில் என்னென்னவோ எண்களைத் தட்டிப் பார்த்தாள்.

மறுநாள் பொன்னுராஜ் இடுப்பொடிய இருபது வேலை செய்தார். சாராள் எண்ணி ஒன்பது செய்துவிட்டு டிவி முன்னால் உட்கார்ந்தாள். ‘சாராள் வெற்றி.’

பாத்திரத்தைக் கழுவி வைத்துவிட்டுப் ப்ரோகிராமைத் திறந்தார். ‘இன்ட்’ என்ற ஒரு சொல்லை விட்டிருந்தார். அது இல்லாவிட்டால் மிஷினுக்கு எண்ணெல்லாம் வெறும் எழுத்துதான். அகராதியில் உள்ளதுபோல முதல் எழுத்தைத்தான் முதலில் பார்க்கும். பதினான்கின் ஒன்றுக்கும் இருபதின் இரண்டுக்கும் பின்னால் வருவது ஒன்பது; பின்னால் வருவதுதான் அதற்குப் பெரிது. இனி சாராளை ஜெயிக்க அவர் தொண்ணூறு வேலையாவது செய்ய வேண்டும்.

திருத்தக் கை வைத்தபோது சாராள் பின்னால் நின்றாள்.

“தாராளமாத் திருத்துங்க. மொத நாள் தீர்ப்பு தப்புன்னு ஸ்டான்லிகிட்டயும் சொல்லிருங்க. தரம் பாக்கும்னு சொன்னீகளே, அதையுஞ் சேத்து.”

பொன்னுராஜ் கையை எடுத்துவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை விருந்துக்கு வந்த ஸ்டான்லி, ப்ரோகிராம் எப்படி ஓடுகிறது மச்சான் என்று கேட்டான்.

“இதுவரைக்கும் ஒரு தப்பு கெடையாது மாப்ள,” என்று நெஞ்சை நிமிர்த்திச் சொன்ன பொன்னுராஜ், அவன் சாப்பிட்ட தட்டையும் வாங்கிக்கொண்டு அடுப்படிக்குப் போனார்.