ஆட்டம் பார்த்த குற்றம்

நமது கால்பந்து அணி வெளியூருக்கு ஆடப் போகும்போது கூடவே போகிறவர்கள் உண்மையிலேயே ரசிகர்கள்தானா என்ற ஐயம் நிர்வாகத்துக்கு இந்த வருடம்தான் எழுந்தது. ஐயம் எழுந்தால் அலுவலகம் திறப்பதுதானே முறை? பந்துக்குக் காற்றடிக்கும் அறையைக் காலி செய்து, ‘வெளியூர் ஆதரவாளர் மெய்த்தன்மைச் சரிபார்ப்புப் பிரிவு’ என்று பலகை மாட்டினார்கள். அன்றிலிருந்து பந்துக்கு வராந்தாவில் காற்றடித்தார்கள்.

என் அக்கா வீட்டுக்காரர் சலூன் வைத்திருக்கிறார். இருபத்திரண்டு வருடமாக ஒரு வெளியூர் ஆட்டத்தையும் விட்டதில்லை. பாதிச் சவரத்தில் ஆளை அப்படியே உட்கார வைத்துவிட்டுப் பேருந்தைப் பிடிக்க ஓடியவர் என்று அவருக்கு ஒரு பெயர் உண்டு. அந்த ஆள் நான்தான்.

இந்த வருடத்தின் கடைசி ஆட்டம் வெளியூரில். ஜெயித்தால் முதல் பிரிவில் தங்குவோம், இல்லாவிட்டால் இரண்டாம் பிரிவுக்கு இறங்க வேண்டியதுதான். “எதுவா இருந்தாலும் என் கண்ணால பாத்துடணும் மாப்ள” என்றார் மாமா. பார்ப்பதற்குச் சான்றிதழ் வேண்டும். என்னையும் இழுத்துக்கொண்டு போனார்.

அதிகாரி மரியாதை தெரிந்தவர். நாற்காலி போடச் சொல்லிவிட்டுத்தான் விசாரணையை ஆரம்பித்தார்.

“நீங்க ரசிகர்ங்கறதுக்கு என்ன ஆதாரம்?”

“இருபத்திரண்டு வருஷமா போறேன் சார்.”

“போனதுக்குப் படம், வீடியோ ஏதாவது?”

“எடுக்கலையே சார்.”

“அப்ப அங்க போய் என்னதான் பண்ணீங்க?”

“ஆட்டம் பாத்தேன்.”

அதிகாரி பேனாவைக் கீழே வைத்தார். தமது இரண்டு மாதப் பணிக்காலத்தில் இப்படியொரு வாக்குமூலத்தை அவர் கேட்டதில்லை போலும்.

மாமா முடியை ஒதுக்கி நெற்றித் தழும்பைக் காட்டினார். ஒரு கோலுக்குத் துள்ளியபோது கம்பி வேலியில் இடித்தது.

“தழும்பு வீட்லகூட விழும்” என்றார் அதிகாரி.

“ஆட்டம் முடிஞ்சதும் உள்ளூர்க்காரங்க கலையற வரைக்கும் எங்கள நாப்பது நிமிஷம் உள்ளயே பூட்டி வைப்பாங்க சார். எத்தன தடவ பூட்டியிருக்காங்க தெரியுமா?”

“பூட்டினதுக்கு ரசீது இருக்கா?”

இல்லை. அடுத்தது என் முறை. வாழ்க்கையில் ஒரே ஒரு ஆட்டத்துக்குப் போயிருக்கிறேன். அறுபத்து மூன்று படம் வைத்திருந்தேன். எல்லாவற்றிலும் நான் இருந்தேன், ஒன்றிலும் மைதானம் இல்லை. “பிரமாதம்!” என்று அதிகாரி முத்திரை குத்தினார்.

“சார், அன்னிக்கு யாரோட ஆட்டம்னு கேளுங்க இவன!” என்று மாமா கத்தினார்.

“அந்தக் கேள்வி படிவத்துல இல்லீங்க.”

மாமாவின் முகம் வாடியதைப் பார்த்து அதிகாரிக்கே மனசு கேட்கவில்லை. “ஒரு வழி இருக்கு. ‘அசல் பாரம்பரிய ஆதரவாளர்’னு ஒரு இடம் காலியா இருக்கு. இப்ப வர்றவங்கல்லாம் பழைய ரசிகர் எப்படிக் கத்துவார்னு பாக்கத்தான் வர்றாங்க. நீங்க முன்னாடி நின்னு கத்தலாம், அழலாம், தலைல அடிச்சுக்கலாம். ஒரே நிபந்தனை, முகம் கேமராப் பக்கம் இருக்கணும்.”

“அப்ப மைதானம்?”

“உங்க முதுகுக்குப் பின்னாடிதான் இருக்கும். எங்கயும் போயிடாது.”

மாமா கையெழுத்துப் போட்டார். “உள்ள போயிட்டா திரும்பிப் பாக்காமலா இருப்பேன்?” என்று என் காதைக் கடித்தார்.

திரும்ப விட்டால்தானே! ஆட்டத்தன்று கழுத்து லேசாக அசைந்தாலே, கூடவே வந்திருந்த அதிகாரி “முகம், முகம்!” என்பார். நாற்பது போன்கள் நீண்டிருந்தன. பின்னால் கூச்சல் கேட்கும்போதெல்லாம் மாமா பதறினார், கெஞ்சினார், “யார் கால்ல இருக்கு பந்து? யாராச்சும் சொல்லுங்களேன்!” என்று அலறினார். புது ரசிகர்கள் சொக்கிப் போனார்கள். எனக்கு அவர்மேல் பரிதாபமாகத்தான் இருந்தது. பரிதாபம் சரியாகப் பதிவாகட்டும் என்று கிட்டப் போய் எடுத்தேன்.

கடைசி விசில் ஊதியது. வழக்கம்போல் கதவைப் பூட்டினார்கள்.

“என்ன ஆச்சு?” என்றார் மாமா.

ஒருவருக்கும் தெரியவில்லை. ஸ்கோர் பலகை எங்கள் கூரைக்கு மேலே இருந்தது. போனில் பார்க்கலாமென்றால், எல்லோரும் ஒரே நேரத்தில் மாமாவை ஏற்றியதில் இணையம் படுத்துவிட்டது. எதைத் தேடினாலும் மாமாவின் திறந்த வாய்தான் பாதியில் நின்றது.

கதவருகே ஒரு காவலர் நின்றிருந்தார், உள்ளூர்க்காரர். மைதானத்துக்கு முதுகைக் காட்டி எங்களையே பார்த்துக்கொண்டு நிற்பதுதான் அவருக்குக் கொடுத்த வேலை. அவர்தான் மெல்லச் சொன்னார், “ரெண்டுக்கு ஒண்ணு. நீங்க தப்பிச்சிட்டீங்கய்யா. கடைசி நிமிஷத்துல போட்டான் பாருங்க ஒரு கோல்! எங்க ஊர் தோத்துச்சு, ஆனாலும் கை தட்டிட்டேன்.”

மாமா அவர் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். “எந்தக் கால்ல அடிச்சான்? எங்கேருந்து? மொதல்லேருந்து சொல்லுங்கண்ணே!”

அதிகாரி அதற்குள் தாளை எடுத்துவிட்டார். பணி நேரத்தில், கண்காணிக்க வேண்டிய ஆதரவாளர்களுக்கு முதுகைக் காட்டி, அனுமதியின்றி ஆட்டத்தைப் பார்த்த குற்றத்துக்காக மேற்படி காவலர்மீது புகார். அது குற்றம்தான் என்பதில் எங்கள் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. நாற்பது பேரும் வரிசையில் நின்று சாட்சிக் கையெழுத்துப் போட்டோம். மாமாவை மூன்று முறை கூப்பிட்டும் வரவில்லை. அவர் காவலரை இன்னொரு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டுக்கொண்டிருந்தார்.

முதல் கையெழுத்து என்னுடையது.