என் பிழையின் வரலாறு

திங்கட்கிழமை மத்தியானம் வரலாற்றைத் திருத்தி எழுதுவதென்று முடிவெடுத்தேன். நாட்டு வரலாறு இல்லை. அதற்குப் பலர் இருக்கிறார்கள். இது என்னுடைய பிழையின் வரலாறு.

நானும் மனைவி ரஜிதாவும் கண்டாவளையில் வீட்டிலிருந்தே மென்பொருள் எழுதுகிறவர்கள். யாருடைய வயலுக்கு என்றைக்கு வாய்க்கால் தண்ணீர் என்று ஃபோனுக்குச் செய்தி அனுப்பும் மென்பொருள் ஒன்றை ஊர்க் கமக்காரர் அமைப்புக்குச் செய்து கொடுத்திருந்தோம். அன்று காலை அதில் நான் ஒரு வரியை மாற்றினேன். முப்பத்திரண்டு பேருக்கும் 'இன்று உங்கள் முறை' என்று போய்விட்டது. முப்பத்திரண்டு பேரும் மண்வெட்டியோடு வந்துவிட்டார்கள். வாய்க்காலில் ஓடியதைவிட வாய்களில்தான் கூட ஓடியதாம்.

அமைப்பின் தலைவி சிவலட்சுமி அக்கா ஃபோன் எடுத்தா. "பின்னேரம் வாறன். பிழை விட்ட ஆள் கூட்டத்திலை எழும்பி மன்னிப்புக் கேக்கவேணும்."

எந்த வரியை யார், எப்போது, ஏன் மாற்றினார் என்பதையெல்லாம் நாங்கள் பாவிக்கும் 'கிட்' என்ற மென்பொருள் குறித்து வைத்திருக்கும். ரஜிதா குசினிக்குள் போன நேரம் பார்த்து, என் கணினியில் அந்த வரிக்கு என் பெயரை எடுத்துவிட்டு அவள் பெயரைப் போட்டேன். இணையத்தில் இருந்த பொதுப் பிரதிக்கு மேலும் அதையே ஏற்றினேன். பத்து வருடத்தில் அவள் என்னிடம் ஒருநாளும் மன்னிப்புக் கேட்டதில்லை. ஒரு அனுபவமாக இருக்கட்டுமே.

அக்கா வந்து கதிரையில் இருந்தா. நான் தொண்டையைச் செருமினேன்.

"மனிசியை நான் குறை சொல்லக்கூடாது, அக்கா. ஆனா பதிவு பொய் சொல்லாது. நீங்களே பாருங்கோ."

ரஜிதாவும் பார்த்தாள். கோபப்படவில்லை. அதுதான் எனக்குப் பயம்.

"இஞ்சாருங்கோ, கிட்டிலை ஒரு கொப்பிதானோ இருக்கு?"

"பொதுவாய் ஒண்டு இருக்கு. அதைத்தான் காட்டினனான்."

அவள் அக்காவின் பக்கம் திரும்பினாள். "இதிலை வேலை செய்யிற ஒவ்வொருத்தரிட்டையும் முதல் நாளிலை இருந்து முழு வரலாறும் இருக்கும், அக்கா. இவர் காலமை மாத்தினது என்ரை கணினிக்கு அப்பவே வந்திட்டுது."

தன் கணினியைத் திருப்பிக் காட்டினாள். அதே வரி. என் பெயர். காலை 9.40. காரணம் என்ற இடத்தில் நானே எழுதியது: 'சின்ன மாற்றம். சோதிக்கத் தேவையில்லை.'

அக்கா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தா.

"தம்பி, மண்வெட்டியோடை வந்தவையை நான் சமாளிச்சிட்டன். உம்மை ஆர் சமாளிக்கிறது?"

"நான் சமாளிக்கிறன்" என்றாள் ரஜிதா.

தீர்ப்பு அங்கேயே ஆயிற்று. இனி நான் எதை எழுதினாலும் ரஜிதா பார்த்துச் சம்மதித்த பிறகுதான் வெளியே போகும்.

அன்றே கூட்டத்தில் வாசிக்க மன்னிப்புக் கடிதம் எழுதி ரஜிதாவிடம் கொடுத்தேன். 'பிழை நடந்துவிட்டது' என்பதை 'பிழை விட்டேன்' என்று மாற்றச் சொல்லித் திருப்பிவிட்டாள். இப்போது ஐந்தாவது தடவையாக எழுதிக்கொண்டிருக்கிறேன்.