விமானத்தை இழுத்த வண்டி

என்னைப் பேரத்தில் ஜெயித்த ஆள் உலகத்தில் ஒருத்திதான். அவளைத்தான் கல்யாணம் செய்துகொண்டேன்.

ஒரு ஏலத்தில் பழைய டிராக்டர் ஒன்று வந்தது. நான் ஒரு விலை கேட்டேன். கடைசி வரிசையில் ஒரு பெண் கை தூக்கினாள். நான் ஏற்றினேன். அவளும் ஏற்றினாள். நான் முறைத்தேன். அவள் பதிலுக்கு முறைக்கக்கூட இல்லை, கையை மட்டும் தூக்கினாள். டிராக்டர் அவளுக்குப் போயிற்று. ஆளைக் கட்டிக்கொண்டால் டிராக்டர் தானாக வந்துவிடும் என்று கணக்குப் போட்டேன். பதினாறு வருஷமாகிறது. டிராக்டர் என் பட்டறையில்தான் நிற்கிறது. அதன் பத்திரம் அவள் பீரோவில் இருக்கிறது. பீரோ சாவி எங்கே இருக்கிறது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

நான் பழைய இயந்திரம் வாங்கி விற்கிறவன். பள்ளிக்கூடத்தில் ஐந்து வகுப்பு, மீதியெல்லாம் ஏமாந்து படித்த படிப்பு. செத்துக் கிடக்கும் மோட்டாரை, வாங்குகிற ஆள் வருவதற்கு அரைமணி முன்னால் ஓட்டிச் சூடாக்கி வைப்பேன். அவர் முன்னால் ஒரே தட்டில் கிளம்பும். எண்ணெய் ஒழுகும் இடத்தில் காலை வைத்து நானே நின்றுகொள்வேன். இப்படிப்பட்ட நான் ஒரு டிவி விளம்பரத்தில் குப்புற விழுந்தேன்.

விளம்பரத்தில் ஒரு பிக்கப் வண்டி. அதன் பின்னால் சங்கிலி. சங்கிலியின் மறுமுனையில் விமானம். விளையாட்டு விமானம் இல்லை, நிஜ விமானம். வண்டி அதை நாய்க்குட்டியை இழுப்பது மாதிரி இழுத்துக்கொண்டு போகிறது. ஓட்டுகிறவன் ஒரு கையில் டீ வைத்திருக்கிறான். டீ தளும்பவில்லை.

"பார்த்தியா?" என்றேன்.

"பார்த்தேன்," என்றாள், துணி மடித்துக்கொண்டே.

"விமானம். இழுக்குது."

"சக்கரம் வச்ச எதையும் சமதரையில இழுக்கலாங்க. மேட்டுல இழுக்கச் சொல்லுங்க. இழுத்துட்டு நிறுத்தச் சொல்லுங்க. அப்புறம் பேசலாம்."

"உனக்குப் பொறாமை."

"வண்டி மேலயா? கீழ பொடி எழுத்துல ஒரு வரி ஓடுச்சே, படிச்சீங்களா?"

"எப்போ?"

"அவன் டீ குடிச்சப்போ."

என் மனைவிக்கு வேலை எடைமேடையில். எங்கள் தெரு பட்டறையிலிருந்து மேடாக ஏறி எங்கே முடிகிறதோ, அங்கே இருக்கிறது அது. லாரி வந்து ஏறும், இவள் சீட்டு அடித்துக் கொடுப்பாள். காலி வண்டி எவ்வளவு, சரக்கு எவ்வளவு. டிரைவர் சீட்டுக்கடியில் கல் வைத்தாலும் கண்டுபிடிப்பாள். வீட்டிலும் என்னை அப்படித்தான் பார்ப்பாள்.

மறுநாளே ஷோரூமுக்குப் போனேன். டை கட்டிய விற்பனையாளர் ஒருவர் சிக்கினார். இரண்டு மணி நேரம் விலை பேசியே அவரைக் காயப்போட்டேன். கடைசியில் பழைய டிராக்டரை எடுத்துக்கொண்டு புது வண்டி தருவதாகவும், ஞாயிற்றுக்கிழமை அதை என் பட்டறைக்கு ஓட்டிவந்து காட்டுவதாகவும் ஒத்துக்கொண்டார். டிராக்டருக்கு யார் கையெழுத்துப் போடுவார்கள் என்று அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

கையெழுத்து வேண்டுமே. அதற்குத்தான் திட்டம் போட்டேன். பட்டறையில் ஒரு பழைய பஸ் கிடந்தது. இன்ஜினை எப்போதோ விற்றுவிட்டேன். சீட்டெல்லாம் ஒரு சினிமாக் கொட்டகைக்குப் போய்விட்டது. வெறும் கூடு. ஆனால் வெளியிலிருந்து பார்த்தால் பஸ். கண்ணாடிக்குத் திரை போட்டேன். டயரில் காற்றைக் கல்லு மாதிரி ஏற்றினேன். சக்கரத்துக்கெல்லாம் கிரீஸ் அப்பினேன். பட்டறைத் தரை எந்தப் பக்கம் சரிகிறது என்று தண்ணீர் ஊற்றிப் பார்த்து, அந்தப் பக்கமாக பஸ்ஸின் மூஞ்சியைத் திருப்பி வைத்தேன். எதிர்வீட்டுப் பெயிண்டரைக் கூப்பிட்டு பேனர் எழுதச் சொன்னேன்: 'பதினோரு டன் பஸ்ஸை இழுக்கும் பராக்கிரமம். ஞாயிறு காலை. அனைவரும் வருக.'

"பதினோரு டன்னா அண்ணே?" என்றார் பெயிண்டர்.

"எழுது. உன் பிரஷ்ஷுக்குப் பாரமா இருக்கா?"

சனிக்கிழமை சாப்பாட்டு நேரத்தில் மனைவியிடம் ஒப்பந்தம் பேசினேன்.

"நாளைக்கு பஸ்ஸை அந்த வண்டி இழுத்துட்டா, டிராக்டருக்குக் கையெழுத்துப் போட்டுடணும்."

"சரி."

எனக்கு அங்கேயே உறைத்திருக்க வேண்டும். என் தொழிலில் கேட்ட உடனே ஒருவன் சரி என்றால், கேட்டவன் மாட்டிக்கொண்டான் என்று அர்த்தம்.

"இழுக்கலேன்னா?" என்றாள்.

"இழுக்கும்."

"பேச்சுக்குக் கேக்குறேன். இழுக்கலேன்னா, பட்டறை வாசல்ல ரோட்டைப் பார்த்த பக்கம் பாதி இடம் என் டிராக்டருக்கு. அதை வச்சு நான் என்ன செஞ்சாலும் கேட்கக்கூடாது."

"பாதியா? கால்வாசிதான்."

"சரி, கால்வாசி."

பாதியைக் கால்வாசி ஆக்கிவிட்ட பெருமையில் இன்னொரு கரண்டி சோறு போட்டுக்கொண்டேன்.

ஞாயிறு காலை அவள் டிராக்டரைத் துடைத்துக்கொண்டிருந்தாள். டீசல் ஊற்றினாள். கிளப்பி, ஓடவிட்டாள். பிரிகிற துக்கம், பாவம், என்று விட்டுவிட்டேன். கையில் இரண்டு மரக்கட்டை வைத்திருந்தாள்.

"அது எதுக்கு?"

"சும்மா. கையில ஏதாவது இருக்கட்டுமேன்னு."

கூட்டம் சேர்ந்துவிட்டது. மைக் வாடகைக்கு எடுத்திருந்தேன். விற்பனையாளர் வண்டியோடு வந்தார். பஸ்ஸின் ஸ்டீயரிங்கைப் பிடிக்கப் பெயிண்டரை உட்கார வைத்தேன். பிக்கப்பை நானே ஓட்டினேன், ஒரு கையில் டீயோடு. விற்பனையாளர் பக்கத்தில்.

வண்டி நகர்ந்தது. பஸ் பின்னாலேயே வந்தது. உண்மையைச் சொன்னால், முக்கால்வாசி தூரம் பஸ்தான் எங்களைத் தள்ளிக்கொண்டு வந்தது. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அது தெரியாது. பட்டறையைச் சுவரோரமாக அரை வட்டம் அடித்து, வாசலைப் பார்த்தபடி ஒரு மண் குவியலில் முட்டி நிறுத்தினேன். கைதட்டல் காதைப் பிளந்தது. டீ தளும்பி வேட்டியில் கொட்டியது, யாரும் பார்க்கவில்லை.

இறங்கி, பேனாவைத் திறந்து அவளிடம் நீட்டினேன்.

அவள் பேனாவை வாங்கவில்லை. மைக்கை வாங்கினாள்.

"எங்க வீட்டுக்காரர் பதினோரு டன்னை இழுத்துட்டார். எல்லாரும் பார்த்தீங்க. ஆனா எழுத்துல ஒரு ஆதாரம் வேணாமா? நம்ம எடைமேடை இந்த மேட்டு உச்சியிலதான் இருக்கு. பஸ்ஸை அங்க ஏத்தினா சீட்டு அடிச்சுத் தரேன்." மைக்கை மூடிக்கொண்டு என் காதருகே வந்தாள். "முத்திரை போட்ட சீட்டுங்க. அதை ஷோரூம் மேசையில போட்டா, விலையை எவ்வளவு இறக்கலாம், யோசிச்சுப் பாருங்க."

யோசித்தேன். அதுதான் தப்பு. சீட்டை மேசையில் வீசுவதும், ஷோரூம் முதலாளி எழுந்து நிற்பதும் கண்முன்னால் ஓடியது. மேடு கண்ணில் படவில்லை.

"ஏறு," என்றேன் விற்பனையாளரிடம்.

"சார், மேட்டுல வேண்டாம் சார்."

"விமானத்தை இழுக்கும்போது நல்லா இருந்துச்சா?"

"அது விளம்பரம் சார். இது கம்பெனி வண்டி சார்."

வாசலைத் தாண்டினோம். பத்தடி ஏறினோம். இருபதடி ஏறினோம். முப்பதாவது அடியில் வண்டி முனகியது. பின்சக்கரம் அதே இடத்தில் சுற்றியது. ஏதோ தீய்ந்த நாற்றம். விற்பனையாளர் கதவைத் திறந்து, கதவோரம் ஒட்டியிருந்த சின்னச் சீட்டை எனக்குப் படித்துக் காட்டினார். பின்னால் வருவதற்குச் சொந்த பிரேக் இல்லாவிட்டால் முக்கால் டன்தான் இழுக்கலாமாம்.

"இதை ஏன்யா முதல்லயே சொல்லல?"

"நீங்க ரெண்டு மணி நேரமும் விலையை மட்டும்தான் சார் கேட்டீங்க."

"பஸ்ஸுக்கு பிரேக் போடுய்யா," என்று பின்னால் கத்தினேன்.

"இன்ஜின் இருந்தாத்தானே அண்ணே பிரேக் பிடிக்கும்," என்று பெயிண்டர் கத்தினார். "இன்ஜின் எங்க அண்ணே?"

ஊருக்கே கேட்டது.

பஸ் பின்னால் போக ஆரம்பித்தது. பஸ்ஸோடு பிக்கப். பிக்கப்போடு நான். விமானத்தை இழுத்த வண்டியை ஒரு வெறுங்கூடு இழுத்துக்கொண்டு போயிற்று. பட்டறைச் சுவர் என் முதுகைப் பார்த்து வருவது கண்ணாடியில் தெரிந்தது. அந்தச் சுவரை எழுப்ப நான் மூன்று வருஷம் மண்ணோடு மண்ணாகக் கிடந்தேன்.

திடீரென்று ஒரு உலுக்கல். நின்றுவிட்டோம்.

எட்டிப் பார்த்தேன். பஸ்ஸின் பின்சக்கரத்துக்கடியில் இரண்டு மரக்கட்டை. பக்கத்தில் என் மனைவி, கையைத் தட்டித் தூசியை உதறிக்கொண்டிருந்தாள்.

"இறங்காதீங்க. ஸ்டீயரிங்கைப் பிடிச்சுட்டு இருங்க," என்றாள்.

டிராக்டர் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்ததல்லவா. அவளே ஏறி, எங்களைச் சுற்றி முன்னால் வந்து, சங்கிலியை மாட்டினாள். அது சத்தம் போட்டது, புகை விட்டது, ஆனால் ஏறியது. நத்தை மாதிரி, நிற்காமல். பின்னால் பிக்கப், அதற்குள் நானும் விற்பனையாளரும். பிக்கப்புக்குப் பின்னால் பஸ், அதற்குள் பெயிண்டர். பக்கத்தில் கூட்டம் நடந்து வந்தது. போனில் படம் எடுக்காதவர் ஒருவரும் இல்லை.

டிராக்டரின் பின்பக்கம் என் மூக்குக்கு நேராக இருந்தது. அதில் ஒரு தகடு. பெயிண்ட் இன்னும் காயவில்லை. 'வழியில் நின்ற வண்டி எதுவானாலும் இழுக்கப்படும்.' கீழே என் மனைவியின் போன் நம்பர். மேடு முடியும்வரை அதையேதான் படித்துக்கொண்டு வந்தேன். வேறு எங்கே பார்ப்பது?

எடைமேடையில் பஸ்ஸைக் கழற்றி ஏற்றினாள். சீட்டை அடித்தாள். நான் வாடகைக்கு எடுத்த மைக்கில், நான் கூட்டிய கூட்டத்துக்கு அவள் படித்தாள்.

"பஸ், நாலே முக்கால் டன். பேனர்ல போட்டது பதினோரு டன். மீதி ஆறே கால் டன்னும் எங்க வீட்டுக்காரர் பேச்சு. அதையும் சேர்த்துத்தான் இந்த டிராக்டர் இழுத்துட்டு வந்திருக்கு."

சிரிப்பு அடங்குவதற்குள் நாலு பேர் அவள் நம்பரைக் குறித்துக்கொண்டார்கள். ஐந்தாவது ஆள் விற்பனையாளர். ஷோரூமுக்கு அடிக்கடி தேவைப்படுமாம்.

திங்கட்கிழமை பட்டறை வாசலில் பெயிண்டர் ஏணி போட்டு நின்றார். பக்கத்தில் ஒரு பெரிய பலகை. கால்வாசி இடத்துக்கு அச்சாக, ஒரு விரல்கூடக் கூடாமல் குறையாமல் அளந்து அறுத்திருந்தது.

"எப்போய்யா இதை அறுத்தே?"

"வெள்ளிக்கிழமையே அண்ணே. உங்க பேனரோட சேர்த்து அக்காவும் சொல்லிட்டாங்க."

வெள்ளிக்கிழமை. நான் பாதியைக் கால்வாசியாக்கியது சனிக்கிழமை.

பெயிண்டர் பிரஷ்ஷைத் தொட்டுக்கொண்டு கீழே பார்த்தார்.

"டிராக்டர் வரைஞ்சாச்சு, சங்கிலி வரைஞ்சாச்சு. உங்களைப் பிக்கப்புக்குள்ள வரையட்டுமா, பஸ்ஸுக்குள்ள வரையட்டுமா அண்ணே? எங்க இருந்தாலும் பரவாயில்லை, பின்னால வந்தாப் போதும்னு அக்கா சொன்னாங்க."