கூரையில் மாட்டிய பேனர்

வேலையாள் காளை டிரில்லிங் மெஷினை நிறுத்திவிட்டு ஏணியிலிருந்து பார்த்தபோது, கண்ணுச்சாமியின் தலை வெள்ளையாகியிருந்தது. எல்லாம் ஆஸ்பெஸ்டாஸ் கூரையிலிருந்து கொட்டிய தூசி.

துளையில் மாட்டிய பேனர் கம்பீரமாகத் தொங்கியது: 'ஆஸ்பெஸ்டாஸ் தூசி நுரையீரலுக்கு ஆகாது.'

செல்லூரில் பன்னிரண்டு விசைத்தறி ஓடும் கொட்டகைக்குக் கண்ணுச்சாமி முதலாளி. தொழிற்சாலைப் பாதுகாப்பு ஆபீசர் இன்று, வியாழன், பதினோரு மணிக்கு வருவதாகத் தகவல். கூரை சரியில்லை என்று எழுதிவிட்டால் கொட்டகைக்குப் பூட்டுதான். நேற்று எழுமலையில் தங்கச்சி மகனுக்குக் காதுகுத்து; தாய்மாமன் போகாமல் முடியுமா? போன இடத்தில் கறிச்சோறும் இறங்கவில்லை, மைக்செட் சத்தத்தில் போன் அடித்ததும் தெரியவில்லை. வரும் வழியில் காளவாசல் அச்சுக் கடையில் ஆசை ஆசையாக அடித்து வாங்கிய பேனர் இது.

"அண்ணே, நேத்து ஒரு விசயம்..." என்று வந்தாள் தறி ஓட்டும் பாண்டிச்செல்வி.

"ஆபீசர் வந்துட்டுப் போகட்டும் தாயி. எதுனாலும் பெறகு பேசுவோம்."

அதற்குள் துளையிலிருந்து மூன்றடிக்கு விரிசல் ஓடியது. காளை சிமென்ட் பூசி அடைக்கப் போனான். கை பட்டதும் முறத்தளவு துண்டு பெயர்ந்து விழுந்தது.

கண்ணுச்சாமியே விளக்குமாற்றை எடுத்துப் பரபரவென்று கூட்டினார். கீழே கிடந்த தூசி மேலே எழுந்தது. அதை விரட்ட ஃபேனைப் போட்டார். பன்னிரண்டு தறிக்கும் பாரபட்சமில்லாமல் பங்கு போனது.

தூசியை நனைக்கணும் என்று யாரோ சொல்ல, ஓஸ் பைப்பைப் பிடித்துத் தண்ணீர் அடித்தார். அது தறி மோட்டார் பக்கம் ஓடியது. பதறிப்போய் மெயின் சுவிட்சை அணைத்தார்கள். நனைந்த பேனர் அறுந்து அவர் தோளில் பொன்னாடையாக விழுந்தது.

எல்லாரையும் சந்துக்கு விரட்டி ஆளுக்கொரு மாஸ்க் கொடுத்தார். பாண்டிச்செல்வி மறுபடி வாயெடுக்க, அவளுக்கு மட்டும் தானே கட்டிவிட்டார்.

"யாரும் வாயத் தொறக்கப்படாது. தூசி உள்ள போயிரும்."

பதினொன்று ஆனது. பன்னிரண்டும் ஆனது. ஒவ்வொரு பைக் சத்தத்துக்கும் கண்ணுச்சாமி ஈர வேட்டியோடு எழுந்து நின்று கும்பிட்டார். ஒரு மணிக்கு அவருக்கே தாங்கவில்லை.

"எங்கதான் போய்த் தொலஞ்சாரு அந்த மனுசன்?"

பாண்டிச்செல்வி மாஸ்க்கை இறக்கினாள்.

"அவரு நேத்தே வந்து பாத்துட்டுப் போயிட்டாருண்ணே. கூரையில ஒரு கீறல்கூட இல்ல, யாரும் கை வைக்காம இருந்தாப் போதும்னு எழுதிக் குடுத்துருக்காரு."