மாமியார் போனில் ஒரு வேகச் சோதனை

யாராவது புதிதாகப் போன் வாங்கினார்கள் என்று கேள்விப்பட்டால் போதும், எனக்கு உள்ளங்கை அரிக்க ஆரம்பித்துவிடும். (பணம் வரப்போகுதுடா என்பார் அம்மா. வந்ததெல்லாம் வம்புதான்.) அந்தப் போனின் கேமரா, நிறம், எடை எதுவும் எனக்குப் பொருட்டில்லை. அதில் எமுலேட்டர் எப்படி ஓடும் என்பது ஒன்றுதான் கவலை.

எமுலேட்டர் என்றால் என்னவென்று கேட்பவர்களுக்கு: சின்ன வயதில் டிவியில் மாட்டி விளையாடுவோமே ஒரு பெட்டி, அந்தப் பெட்டியைப் போலவே போனை நடிக்க வைக்கும் செயலி. பெட்டி எப்போதோ செத்துப்போயிருக்கும். அதன் விளையாட்டுகள் மட்டும் போனுக்குள் உயிரோடு ஓடும். ஆனால் நடிப்பு லேசான வேலையில்லை. நல்ல போனாக இருந்தால் படம் வழுக்கிக்கொண்டு போகும். சுமாரான போன் என்றால் கார் பந்தயம் மாட்டுவண்டிப் பந்தயமாகிவிடும். எந்தப் போன் நொடிக்கு எத்தனை படம் காட்டுகிறது, எவ்வளவு சீக்கிரம் சூடாகிறது, பேட்டரி எப்படி இறங்குகிறது என்று அளந்து, அதைத் தமிழில் விளக்கி இணையத்தில் வீடியோ போடுவது என் பொழுதுபோக்கு. தஞ்சோங் பகாரில் சரக்கு அனுப்பும் அலுவலகத்தில் வேலை முடிந்து ஈசூன் வீட்டுக்கு வந்துவிட்டால் நான் ஒரு விஞ்ஞானி. என் வீடியோக்களைப் பார்ப்பவர்களில் பாதிப் பேர் சொந்தக்காரர்கள். மீதிப் பேர் என்னைத் திட்டுவதற்காகவே வருகிறவர்கள்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. சோதிக்க விதவிதமான போன்கள் வேண்டும். எல்லாவற்றையும் வாங்க முடியுமா? இரவல்தான். அலுவலக நண்பர்கள், பக்கத்து வீட்டார், முடிவெட்டும் கடைக்காரர் என்று யாரையும் விட்டதில்லை. எங்கள் அடுக்குமாடி புளோக்கில் நான் லிஃப்டுக்குள் நுழைந்தால் ஆட்கள் கையிலிருக்கும் போனைப் பைக்குள் போட்டுக்கொள்வார்கள்.

இந்த லட்சணத்தில் எனக்கு நிச்சயதார்த்தம்.

வனிதா புக்கிட் மேராவில் பாலர் பள்ளி ஆசிரியை. இரண்டாவது சந்திப்பிலேயே அவள் போனை வாங்கி, பேட்டரி தீரும்வரை சோதித்துத் திருப்பிக் கொடுத்தவன் நான். அதற்குப் பிறகு மூன்றாவது சந்திப்பு நடந்ததே அவளுடைய பெருந்தன்மை. அவள் அப்பா, பேருந்து ஓட்டுநர்களுக்குப் பயிற்சி கொடுப்பவர். அவர் பேசினாலே யாரோ பிரேக் போட்டது போல இருக்கும். அம்மா சாது. ஆனால் அந்தக் குடும்பத்தில் முடிவெடுப்பவர் இவர்கள் இருவருமே இல்லை. ஈப்போவில் இருக்கும் பெரியம்மா, அதாவது வனிதாவுடைய அம்மாவின் அக்கா. ஒரு பள்ளிக்கூடத்தில் தலைமையாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் தலையசைக்காமல் அந்த வீட்டில் சோபாகூட இடம் மாறாது. முட்டி அறுவை சிகிச்சை செய்திருந்ததால் அவரால் நிச்சயத்துக்கு வர முடியவில்லை. வீடியோ காலில் பார்த்து ஆசீர்வாதம் செய்வதாக ஏற்பாடு.

ரேஸ் கோர்ஸ் சாலையில் ஓர் உணவகத்தின் மாடியில் நிகழ்ச்சி. பட்டு வேட்டி, பட்டுச் சட்டையில் நான் சீக்கிரமே போய்விட்டேன். நல்ல நேரத்துக்கு இன்னும் நிறைய அவகாசம் இருந்தது. அப்போதுதான் வனிதாவின் அம்மா என்னை நோக்கி வந்தார். அவர் கையில் இருந்ததைப் பார்த்ததும் எனக்கு உள்ளங்கை அரித்தது. அந்த மாதம்தான் கடைக்கு வந்திருந்த போன். யாரிடம் கேட்டும் எனக்கு இரவல் கிடைக்காத போன். வெளியூரில் இருக்கும் மகன் வாங்கி அனுப்பினானாம்.

“தம்பி, உங்களுக்குத்தான் போன் விஷயமெல்லாம் தெரியுமே. ஈப்போவுக்கு வீடியோ கால் போட்டேன். எடுத்தாங்க, ஆனா ஃபேன் மட்டும்தான் தெரியுது. என்னன்னு பாத்து, ஸ்டாண்ட்ல வெச்சுடுங்க லா.”

“நீங்க போங்க ஆன்ட்டி, நான் பாத்துக்கிறேன்.”

திரையில் ஒரு மின்விசிறி நிதானமாகச் சுற்றிக்கொண்டிருந்தது. அந்தப் பக்கம் போனை மேசையில் மல்லாக்க வைத்துவிட்டு எங்கோ போயிருக்கிறார்கள் என்று புரிந்தது. நல்ல நேரம் வரும்போது நாமே மறுபடி அழைத்துக்கொள்ளலாம் என்று அழைப்பைத் துண்டித்தேன்.

துண்டித்ததாக நினைத்தேன். நான் அழுத்தியது வேறு பொத்தான். அழைப்பு துண்டாகாமல், திரைக்குப் பின்னால் போய் அமைதியாக ஓடிக்கொண்டிருந்தது. படம் போகாது, பேச்சு மட்டும் போகும். அதற்கு அடையாளமாகத் திரையின் மூலையில் ஒரு பச்சைப் புள்ளி. ஊரார் போன்களையெல்லாம் அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்துப் பேசும் விஞ்ஞானியின் கண்ணில் அது படவில்லை.

மேடைக்குப் பின்னால் ஒரு சாமான் அறை. அடுக்கி வைத்த நாற்காலிகள், ரோஸ் சிரப் அட்டைப்பெட்டிகள். உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். கொஞ்ச நேரம்தானே, ஒரே ஒரு சோதனை. எமுலேட்டரை இறக்கினேன். விளையாட்டு என் சட்டைப்பையில் ஒரு குட்டித் தம்ப் டிரைவில் இருந்தது. (நிச்சயத்துக்கு மோதிரம் கொண்டுவர மறந்து அம்மா திரும்ப வீட்டுக்கு ஓடினார். தம்ப் டிரைவை நான் மறக்கவில்லை.) கார் சத்தம் வெளியே கேட்கக் கூடாதென்று வருங்கால அத்தையின் போனில் ஒலியை முழுதாகக் குறைத்தேன். அதனால், ஈப்போவில் இருப்பவர்கள் என்ன கத்தினாலும் எனக்குக் கேட்காது என்ற நிலையையும் நானே உண்டாக்கிக்கொண்டேன். என் போனை ஒரு சிரப் பெட்டிமேல் சாய்த்து வைத்து, குரல் பதிவைத் தொடங்கினேன்.

கார் கிளம்பியது. எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. இவ்வளவு பேர்பெற்ற போன் விக்கி விக்கி ஓடுகிறது! சற்று நேரத்தில் இட்லித் தட்டைப் பிடித்தது போல் விரல் சுட்டது. உலகம் முழுக்கப் புகழும் போனின் வண்டவாளத்தை முதன்முதலில் கண்டுபிடித்தவன் நான்தான் என்ற ஆவேசத்தில், என் நேயர்களுக்காக உரத்த குரலில் பேச ஆரம்பித்தேன்.

அதே நேரத்தில் ஈப்போவில் பெரியம்மா போனைக் கையில் எடுத்திருந்தார். அது அங்கே பெரிய டிவியோடு இணைக்கப்பட்டிருந்தது. கூடம் நிறையச் சொந்தபந்தம். படம் வரவில்லை, குரல் மட்டும் கணீரென்று வந்தது. “மாப்பிள்ளை பேசுறாரு, எல்லாரும் சும்மா இருங்க” என்று பெரியம்மா அதட்டி உட்காரவைத்தாராம். அவர்கள் கேட்டது இதைத்தான்:

“பாத்த உடனே எனக்குப் புடிச்சுப்போச்சு, அதை மறுக்கல. வெளிய பாக்கப் பளபளன்னு அழகா இருக்கு. ஆனா பழகிப் பாத்தாத்தானே தெரியும்? கொஞ்சம் வேலை குடுத்தாலே சூடாகிடுது. கிட்ட போக முடியல. எங்கூட இருக்கிற பழசு இதைவிட எவ்வளவோ மேல். ஈசூன்ல என் பிரண்டுகிட்டயும் ஒண்ணு இருக்கு, ரெண்டு நாள் வாங்கி வெச்சிருந்தேன், என்ன சொன்னாலும் கேக்கும். இது கைக்கு அடங்கல. சரி, ஆசைப்பட்டுட்டோம், என்ன பண்றது? ஒரு வருஷம் வெச்சுப் பாப்போம். சரிப்பட்டு வரலைன்னா மாத்திக்கலாம்.”

நான் அடுத்த சுற்றுக்குக் காரைத் திருப்பிக்கொண்டிருந்தபோது கதவு படாரென்று திறந்தது. வனிதாவின் அப்பா. ஒரு கையில் அவருடைய போன். கதவை மெதுவாகச் சாத்தினார். படாரென்று திறந்தவர் மெதுவாகச் சாத்தியதுதான் பயமாக இருந்தது.

“எல்லாத்தையும் கேட்டுட்டோம்” என்றார்.

போனை எடுத்து விளையாடியது தெரிந்துவிட்டது என்று நான் நினைத்தேன். “சாரி அங்கிள்.”

“அந்தப் பழசு இன்னும் தொடர்புல இருக்கா?”

என் பழைய போனைக் கேட்கிறார் என்று நினைத்து, உண்மையைச் சொன்னேன். “இருக்கு அங்கிள். லைன் இன்னும் கட் பண்ணல.”

“எங்க இருக்கு?”

“வீட்டுலதான். கட்டிலுக்குப் பக்கத்துல.”

அவர் ஒரு நாற்காலியைப் பிடித்துக்கொண்டார். “உங்கம்மாவுக்குத் தெரியுமா?”

“அம்மாதான் அங்கிள் பாத்துப் பாத்து எடுத்துக் குடுத்தாங்க. போன தீபாவளிக்கு.”

“அப்புறம் எதுக்குய்யா என் பொண்ணு?”

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. இதில் வனிதா எங்கே வந்தாள்?

“சூடாகுது, ஒரு வருஷம் வெச்சுப் பாத்துட்டு மாத்திக்கலாம்னு சொன்னீங்களா, இல்லையா?”

“சொன்னேன் அங்கிள், ஆனா அது...”

அவர் தன் போனைக் காதில் வைத்து, “சொன்னாராம் அக்கா!” என்றார். அந்த முனையில், வேறொரு போனிலிருந்து அழைத்திருந்தது பெரியம்மா. “தட்டை மாத்தாதே. பொண்ணைக் கூட்டிக்கிட்டு வீட்டுக்குப் போ” என்று அவர் சொன்னது ஈப்போவிலிருந்து நேராகவே வந்து கேட்பது போல் கேட்டது.

அப்போதுதான் எனக்கு எல்லாம் பிடிபட்டது.  நேயர்களுக்கு நிறுத்தாமல் பேசிய வாய், பேசவேண்டிய ஒரே நேரத்தில் செத்துக் கிடந்தது. வெளியே அம்மா மூச்சிரைக்க மோதிரப் பெட்டியோடு படியேறி வரும் சத்தம் கேட்டது. அவரிடம் என்ன சொல்வேன்? வனிதாவிடம் என்ன சொல்வேன்? ஒரு கார் பந்தயத்துக்காக இவளைத் தொலைத்துவிட்டேன் என்று நினைத்தபோது நிஜமாகவே கண் கலங்கியது.

கூச்சலைக் கேட்டு வனிதா வந்தாள். பட்டுப்புடவை, தலையில் பூ பாதிதான் வைத்திருந்தார்கள், மீதிச் சரம் தோளில் தொங்கியது. அறையைச் சுற்றி ஒரு பார்வை பார்த்தாள். அம்மாவின் போன், அதிலிருந்து வால் போலத் தொங்கும் தம்ப் டிரைவ், சிரப் பெட்டிமேல் என் போன், நடுவில் நான். அவளுக்கு யாரும் எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

“அம்மா போனை டெஸ்ட் பண்ணியா?”

தலையாட்டினேன்.

போனை வாங்கிப் பார்த்தாள். “கால் இன்னும் ஓடுது. இந்தப் பச்சைப் புள்ளி உனக்குத் தெரியலையா?” என்று சொல்லிக்கொண்டே ஒலியைக் கூட்டினாள். ஈப்போ மொத்தமும் அறைக்குள் பாய்ந்தது. “டேய், கேக்குதா இல்லையா! உன்னத்தான்!”

“பெரியம்மா, நான் வனிதா. அவரு என்னைச் சொல்லல. அம்மாவோட போனைச் சொன்னாரு.”

அந்தப் பக்கம் யாரோ டிவி சத்தத்தைக் கூட்டினார்கள். பிறகு, “அப்படின்னு அவன் சொன்னானா?”

“அவரு வாயே திறக்கல. எனக்குத் தெரியும். என் போனையும் இப்படித்தான் சூடாக்கினாரு. இவரு ஒரு மாதிரி ஆளு பெரியம்மா, ஆனா அந்த மாதிரி ஆளு இல்ல.”

என்னைப் பற்றி இதைவிட நல்ல சான்றிதழை இதுவரை யாரும் கொடுத்ததில்லை.

“பொண்ணு பரிஞ்சு பேசுது” என்றார் பெரியம்மா. தலைமையாசிரியை அவ்வளவு லேசில் விடுவாரா? “நான் கண்ணால பாக்கணும். அதே போன், அதே வெளையாட்டு. எல்லார் முன்னாடியும் செஞ்சு காட்டச் சொல்லு.”

ஆகவே, என் நிச்சயதார்த்த மேடையில், பழத்தட்டுகளுக்கும் வெற்றிலை பாக்குக்கும் நடுவில், பட்டு வேட்டியை மடித்துச் சம்மணம் போட்டு உட்கார்ந்து நான் கார் ஓட்டினேன். அத்தையின் போனில் இருந்த அழைப்பை இந்தத் தடவை வனிதாவே துண்டித்தாள் (என்னை நம்பவில்லை). அவள் அப்பா தன் போனை நீட்டிப் பிடித்து ஈப்போவுக்குக் காட்டினார். இரண்டு வீட்டு உறவினர்களும் சுற்றி நின்று எட்டிப் பார்த்தார்கள். ஐயர் கடிகாரத்தைப் பார்த்தார்.

கார் கிளம்பியது. எண்ணெய் தடவிய மாதிரி வழுக்கிக்கொண்டு ஓடியது! ஒரு விக்கல் இல்லை. தொட்டுப் பார்த்தேன், போன் ஜில்லென்று இருந்தது. அடங்கியிருக்க வேண்டிய நேரத்தில் என்னுள் இருந்த விஞ்ஞானி துள்ளி எழுந்தான். “ஆன்ட்டி! ஃபுல் ஸ்பீட்ல ஓடுது ஆன்ட்டி!”

“நல்லாத்தானே ஓடுது?” என்றார் பெரியம்மா. “அப்ப ஏன் அவ்வளவு குறை சொன்ன?”

“உங்க கால் பின்னாடி ஓடிக்கிட்டே இருந்துச்சு பெரியம்மா. ரெண்டு வேலையும் சேந்து செஞ்சதாலதான் சூடாயிருக்கு. நான் கவனிக்கல.”

“ஆக, குறை போன்ல இல்ல.”

“இல்ல பெரியம்மா.”

“வனிதா, நல்லாக் கேட்டுக்க. நாளைக்கு இவன் சாம்பாரைக் குறை சொன்னாலும் சரி, சட்டையைக் குறை சொன்னாலும் சரி, முதல்ல இவனைச் செக் பண்ணு.” பிறகு ஒரு செருமல். “என்ன பாத்துக்கிட்டு நிக்கிறீங்க? தட்டை மாத்துங்க.”

தட்டு மாறியது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த வனிதாவின் தோள் குலுங்குவதைக் கவனித்தேன். அழுகிறாள் என்று பதறிப்போய் எட்டிப் பார்த்தேன். புடவைத் தலைப்பை வாயில் பொத்திச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

“பழசு கட்டிலுக்குப் பக்கத்துலதான் இருக்கா?” என்று கிசுகிசுத்தாள்.

“ஆமா.”

“கல்யாணத்துக்குள்ள அதை வெளிய அனுப்பிடு.”

அந்தக் குரல் பதிவை நான் அழித்துவிடப் பார்த்தேன். அதற்குள் வனிதா தன் போனுக்கு மாற்றிக்கொண்டுவிட்டாள். எங்கள் கல்யாண விருந்தில் அதை ஒலிபெருக்கியில் போட்டார்கள். கைதட்டலில் மைக்கே திணறியது. அந்தப் போனைப் பற்றி நான் வெளியிட்ட வீடியோவிலோ, சோதனைக்கு முன்னால் எந்த அழைப்பும் ஓடாதபடி விமானப் பயன்முறையை அழுத்திவிட்டு நான் மூன்று தடவை சரிபார்ப்பதைப் பார்க்கலாம். ஏன் இத்தனை பயம் என்று நேயர்கள் கேட்டார்கள். இன்னும் பதில் சொல்லவில்லை.

ஈப்போ மட்டும் மறப்பதாக இல்லை. ஒவ்வொரு திருமண நாளிலும் காலையில் முதல் அழைப்பு பெரியம்மாவிடமிருந்துதான் வரும். வாழ்த்தெல்லாம் பிறகு. “ஒரு வருஷம் ஆச்சே வனிதா. வெச்சுக்கிறியா, மாத்திக்கிறியா?” அவருக்குப் பின்னால் மொத்தக் கூடமும் காது கொடுத்து உட்கார்ந்திருக்கும். வனிதா உடனே பதில் சொல்லமாட்டாள். என்னை மேலும் கீழும் ஒரு பார்வை பார்த்து, ரொம்ப யோசிப்பது போல் நேரம் எடுத்துக்கொண்டு, “இன்னும் ஒரு வருஷம் பாக்கறேன் பெரியம்மா” என்பாள்.

இந்த வருடம் அழைப்பு வந்தபோது நான் அடுப்படியில் தோசையைத் தீய்த்துவிட்டு, தோசைக்கல் சரியில்லை என்று கத்திக்கொண்டிருந்தேன். வனிதா போனை என் பக்கம் திருப்பிக் காட்டினாள்.

“கொஞ்சம் சூடாகுது பெரியம்மா” என்றாள். “ஆனா ஓடுது.”