மிதந்துபோன என் சொத்து

ஒரு பொருள்மேல் ஏறி உட்கார்ந்துவிட்டால் அது நமக்குச் சொந்தமாகிவிடும் என்று நம்பி, அதற்காகக் கடலுக்குள் போன ஒரே ஆள் நானாகத்தான் இருப்பேன்.

எனக்குக் கல்யாணமாகி அப்போது ஒரு வருஷம். வீட்டுக்காரர் பிழைப்புக்காக ரங்கூனுக்குக் கப்பல் ஏறிவிட்டார். அடையாறு கடலில் கலக்கிற இடத்தில், எங்கள் குப்பத்தின் கடைசிக் குடிசையில் நான் மட்டும். காலையில் மயிலாப்பூர்த் தெருக்களில் மீன் விற்கும்போது பேசுவதுதான் பேச்சு. திரும்பி வந்தால் சோற்றுப் பானையோடுதான் பேச வேண்டும். (நன்றாகத்தான் கேட்கும். பதில்தான் வராது.)

ஒரு நாள் காலை, குடிசைக்கு எதிரே பெரிய மரக்கட்டை ஒன்று ஒதுங்கிக் கிடந்தது. நாலு பேர் தாராளமாக உட்காரலாம். இதை வாசலில் போட்டால் நாலு பொம்பளைகள் வந்து உட்கார்ந்து பேசுவார்களே என்று மனசு துள்ளியது.

எங்கள் குப்பத்தில் ஒரு வழக்கம். கரையில் ஒதுங்கியது, முதலில் கயிறு கட்டியவருக்கு. தண்ணீரில் மிதப்பது, முதலில் போய்ப் பிடித்தவருக்கு. என் கையில் கயிறு இல்லை. எடுத்து வருவதற்குள் வேறு யாராவது கட்டிவிட்டால்? (குடிசை இருபதடி தூரம். அவ்வளவு புத்திசாலி நான்.) கயிற்றுக்குப் பதில் நானே ஏறி உட்கார்ந்துவிட்டேன். யாராவது வந்தால் இழுக்கச் சொல்லலாம். யாரும் வரவில்லை. கடைசிக் குடிசைப் பக்கம் யார் வருவார்கள்?

தண்ணீர் ஏறியது. கால் நனைந்தது, இடுப்பு நனைந்தது. இறங்கினால் சொத்து போய்விடுமே! அடுத்த அலை எங்கள் இரண்டு பேரையும் தூக்கிக்கொண்டு போனது.

கட்டுமரத்தில் வந்த எங்கள் குப்பத்துத் தேசப்பன்தான் கட்டையைக் கட்டி, என்னோடு சேர்த்து இழுத்து வந்தார். ஒரு வருஷமாக என்னை எட்டிப் பார்க்காத குப்பம் முழுக்கக் கரையில் நின்றது.

"கட்டை என்து," என்றார் தேசப்பன். "தண்ணில மெதந்துச்சு, புடிச்சேன்."

"மேல ஆளு குந்திகினு கீது, அது எப்டிண்ணே மெதந்ததா ஆவும்? மொதல்ல பாத்தது நானு!" என்றேன்.

"பாத்தா உன்துன்னா, நெலாவ நான் டெய்லி பாக்கறேன். எறக்கிக் குடு."

ஊர்ப் பெரியவர் என்னைப் பார்த்தார். "ஒண்ணே ஒண்ணு சொல்லு. கட்டைய நீ புடிச்சிகினு போனியா, கட்டை உன்ன புடிச்சிகினு போச்சா?"

நான் குனிந்து முந்தானையைப் பிழிந்தேன்.

"அப்ப கட்டை தேசப்பனுக்கு."

"கட்டை மேல இருந்தது யாருக்கு?" என்றது கூட்டத்தில் ஒரு குரல்.

தேசப்பன் பெண்சாதி முந்திக்கொண்டாள். "கட்டைய மட்டும் கொண்டா! அதுக்குத்தான் சோறு போட வேணாம்."

கரையே சிரித்தது. "நான் எனக்குத்தான் சொந்தம்!" என்று கத்திவிட்டு ஈரப் புடவையோடு ஓடினேன்.

மறுநாள் சாயங்காலம் வெட்கத்தை விட்டு தேசப்பன் வீட்டு வாசலுக்குப் போனேன். கட்டையில் மூன்று பொம்பளைகள்.

"இன்னாமே, கட்டைய இஸ்துகினு போவ வந்தியா?" என்றாள் தேசப்பன் பெண்சாதி.

"இல்லக்கா. குந்த வந்தேன்."

கொஞ்சம் நகர்ந்தாள். கட்டை கடைசிவரை அவர்களுடையதுதான். அந்த ஓர இடத்தை மட்டும் வேறு யாரும் கேட்டதில்லை.

இன்றைக்கும் கோயில் கூட்டத்தில் நான் பின்தங்கினால், "சீக்கிரம் வாம்மா, யாராவது கண்டெடுத்துகினு போயிடப் போறாங்க!" என்று என் பிள்ளை கத்துவான். கூப்பிட ஆள் இருக்கிறதே என்று, நானும் வேண்டுமென்றே மெதுவாக நடப்பேன்.