புகைக்கருவியின் பொறுப்பின்மை குறித்து

ஒரு பொது அலுவலகம் ஒழுங்காக நடக்க வேண்டுமென்றால் அதன் வாசலில் ஒரு பட்டன் இருந்தே தீர வேண்டும் என்பது யாவரும் அறிந்ததே. என் அக்கா வேலை பார்க்கும் அலுவலகத்திலும் இருக்கிறது. பொதுமக்கள் வந்து அழுத்தினால் டோக்கன் வரும். பட்டனிலிருந்து ஒரு வயர் சுவரேறி, தாழ்வாரம் கடந்து, பழைய கோப்புகள் தூங்குகிற அறைக்குப் போகிறது. அங்கே ஒரு கணினி. அந்தக் கணினியில் இன்னும் இரண்டு சாதனங்கள் மாட்டியிருக்கின்றன. ஊழியர்கள் வரும்போதும் போகும்போதும் விரல் வைக்கிற கைரேகைக் கருவி ஒன்று. அதே அறையின் கூரையில் ஒட்டியிருக்கிற புகைக்கருவி இன்னொன்று.

மூன்று சாதனங்கள், கணினியைக் கூப்பிட மூன்றுக்கும் சேர்த்து ஒரே கம்பி. ஏன் ஒன்று என்று கேட்டால், டெண்டரில் ஒன்று என்றுதான் இருந்தது.

வேலை வந்த சாதனம் அந்தக் கம்பியைப் பிடித்து இழுக்கும். தன்னைக் கவனிக்கிறவரை விடாது. கணினிக்கு யாரோ இழுக்கிறார்கள் என்பது தெரியும், யார் என்பது தெரியாது. ஆகவே அது செய்துகொண்டிருந்த வேலையை அப்படியே போட்டுவிட்டு, சாதனங்களின் டிரைவர்களை வரிசையாகக் கேட்கும்: "உன்னுடையதா?" டிரைவர் என்பது ஒரு சாதனத்தை மேய்க்கிற சின்ன நிரல். (அக்கா டிரைவர் எழுதுகிறாள் என்று அம்மா சொன்னால், உறவினர்கள் எந்த ரூட் என்று கேட்கிறார்கள்.) டிரைவர் தன் சாதனத்தை ஒரு எட்டு எட்டிப்பார்க்க வேண்டும். இழுத்தது தன் ஆள் இல்லையென்றால், "என்னுடையது அல்ல" என்று சொல்லி உடனே ஒதுங்க வேண்டும். கணினி அடுத்தவரைக் கேட்கும். தன் ஆள்தான் என்றால், என்ன வேண்டும் என்று கவனித்து, கம்பியை விடச் சொல்லிவிட்டு, "என்னுடையது, முடித்தாயிற்று" என்று சொல்ல வேண்டும். அப்படி ஒருவர் சொல்லிவிட்டால் கணினி நம்பிவிடும். அதற்கு மேல் யாரையும் கேட்காது.

இவ்வளவுதான் சட்டம். இதில் யாரும் யாரிடமும் சிபாரிசு கேட்க முடியாது. அதனால்தான் அதுவரை அலுவலகத்தில் யாரும் அதைக் கண்டுகொள்ளவில்லை.

அக்கா எழுதியது புகைக்கருவியின் டிரைவர். புகை வந்திருந்தால் அபாய மணியை அடிப்பது அதன் வேலை. தீ காத்திருக்காது என்பதால் வரிசையில் அதுதான் முதல். பதினோரு மாதம் ஒரு குறையும் இல்லாமல் ஓடியது. இன்னும் ஒரு மாதம் தாண்டினால் அக்காவின் வேலை நிரந்தரம். தாண்டாவிட்டால் மறுபடி பெரியப்பாவின் ஜெராக்ஸ் கடை. ஏற்கெனவே மூன்று வருஷம் அங்கே உட்கார்ந்து, பெரியப்பாவின் அறிவுரைகளை இரண்டு பக்கமும் பிரதி எடுத்தவள் அவள். அங்கே திரும்பிப் போவதைவிட எதை வேண்டுமானாலும் செய்வேன் என்று சொல்லிக்கொண்டிருந்தாள். யார் காதிலாவது விழுந்திருக்க வேண்டும்.

அந்த வருஷம் அலுவலகங்களில் புதிதாக ஒரு மோகம் வந்திருந்தது. அதன் பெயர் பொறுப்பேற்பு. எந்த ஜன்னலுக்குப் போனாலும் "இது எங்க செக்ஷன் இல்லைங்க" என்கிறார்கள் என்று பொதுமக்கள் புகார் மேல் புகார் எழுதியிருந்தார்கள். மேலிடம் ஆழ்ந்து சிந்தித்து, அந்த வாக்கியத்தைத் தடை செய்தது. சரியான ஜன்னல் எது என்று எழுதி மாட்டுவதைவிட இது சுலபம். சுவரெல்லாம் போஸ்டர்: ஒரு பெண்மணி ஸ்டேப்ளரை மார்போடு அணைத்துக்கொண்டு, 'இது என்னுடையது!' என்று சிரித்தார்.

மோகம் ஒழுங்காகப் பின்பற்றப்படுகிறதா என்று பார்க்க ஓர் ஆய்வு அதிகாரி வந்தார். அவரை எல்லோரும் சதவீதம் சார் என்பார்கள். நலமா என்று கேட்டால், "எண்பத்தஞ்சு" என்பார். அவர் கணினியின் பதிவேட்டைக் கேட்டு வாங்கி, ஒரு முழு நாள் படித்துவிட்டு, அக்காவையும் பிரிவுத் தலைவரையும் கூப்பிட்டனுப்பினார்.

"இந்தப் புகை யாரும்மா?"

"கருவி சார். அதோட டிரைவர் நான் எழுதினது."

"பதினோரு மாசத்துல நாற்பது லட்சம் தடவை கேட்டிருக்காங்க. நாற்பது லட்சம் தடவையும் 'என்னுடையது அல்ல'ன்னு சொல்லியிருக்கு. பொறுப்பு, பூஜ்யம் சதவீதம்."

"புகை வரலையே சார்."

"ஏன் வரல?"

"தீ பிடிக்கல சார்."

"பதினோரு மாசமாவா?" அவர் பிரிவுத் தலைவரைப் பார்த்தார்.

"பதினோரு மாசமா," என்று பிரிவுத் தலைவர் வருத்தத்தோடு தலையசைத்தார். மேலதிகாரியின் கடைசி வார்த்தையைத் திருப்பிச் சொல்லியே அந்தப் பதவிக்கு வந்தவர் அவர்.

"சார், தீ பிடிக்கணும்ங்கறீங்களா?"

"நான் அப்படிச் சொன்னேனா? ஒரு ஆர்வமாவது தெரியணும்ல? கைரேகையைப் பாரும்மா. சாயங்காலம் அஞ்சு மணி ஆனா ஒரே நிமிஷத்துல நூத்திருபது தடவை பொறுப்பேத்துக்குது. என்ன வேகம்! உன் புகை மட்டும் எப்பப் பார்த்தாலும் கையை விரிக்குது."

"கையை விரிக்குது," என்றார் பிரிவுத் தலைவர்.

மறுநாள் சுற்றறிக்கை வந்தது. பார்வையில் காணும் பொருள் தொடர்பாக, ஊழியர்கள், சாதனங்கள், நிரல்கள் மற்றும் கம்பிகள் உள்ளிட்ட அனைவரும் இனி 'என்னுடையது அல்ல' எனும் மறுமொழியை அறவே தவிர்த்து, கேட்கப்படும் ஒவ்வொரு முறையும் 'என்னுடையது, முடித்தாயிற்று' என்றே மறுமொழி அளிக்குமாறு அன்புடனும் கண்டிப்புடனும் அறிவுறுத்தப்படுகிறார்கள்.

அக்கா சுற்றறிக்கையை எடுத்துக்கொண்டு ஓடினாள்.

"சார், பட்டனை யாராவது அழுத்தினா முதல்ல புகையைத்தான் கேட்கும். அது எட்டிப்பார்க்காமலே 'என்னுடையது, முடித்தாயிற்று'ன்னு சொன்னா, பட்டனை யாருமே கவனிக்க மாட்டாங்க. பட்டன் கம்பியை விடாது. கணினி மறுபடி கேட்கும். புகை மறுபடி அதையே சொல்லும். மறுபடி கேட்கும்..."

"எத்தனை தடவை?"

"செகண்டுக்கு லட்சம் தடவைகூடப் போகும் சார்."

சதவீதம் சாரின் கண்கள் கலங்கின. "செகண்டுக்கு லட்சம் தடவை பொறுப்பேற்பு!"

"ஆனா ஒரு வேலையும் நடக்காது சார்!"

"வேலை நடக்குதாங்கறதுக்குத் தனி ஆய்வு இருக்கும்மா. அது அடுத்த வருஷம்."

பிரிவுத் தலைவர் அவளைத் தாழ்வாரத்துக்குத் தள்ளிக்கொண்டு வந்தார். வாழ்நாளில் முதல்முறையாகச் சொந்தமாக ஒரு வாக்கியம் பேசினார். "உன் நிரந்தர ஃபைல் அவர் மேஜை மேலதான் இருக்கு, பார்த்துக்க."

அக்கா இருக்கைக்குத் திரும்பி, டிரைவரைத் திறந்து, எட்டிப்பார்க்கிற மூன்று வரிகளை அழித்தாள். அழிக்கும்போது அவள் கை நடுங்கியது என்று எழுத ஆசையாக இருக்கிறது. நடுங்கவில்லையாம். கண்ணை மூடினால் பெரியப்பா ஜெராக்ஸ் மெஷின் மேல் சாய்ந்துகொண்டு தெரிந்தாராம்.

மறுநாள் காலை ஒன்பதரைக்கு, ஊழியர்கள் விரல் வைக்கத் தொடங்குவதற்கு முன்பே, ஒரு பிளம்பர் முகவரி மாற்றத்துக்காக வந்து பட்டனை அழுத்தினார். அந்த நொடியே, சதவீதம் சார் கூடத்தில் மாட்டச் சொல்லியிருந்த திரையில் பொறுப்பேற்புக் கோடு தரையிலிருந்து கூரைக்குப் போனது. நூறு சதவீதம். உள்ளே கைதட்டினார்கள். சதவீதம் சார் திரைக்குப் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டார்.

வெளியே பிளம்பர் காவலாளியைக் கேட்டார். "டோக்கன் வரலையே?"

"நல்லா அழுத்துங்க."

"அழுத்திட்டேன்."

"இன்னும் கொஞ்சம் மரியாதையா அழுத்திப் பாருங்க."

வரிசை தெருமுனை வரை போனது. கைரேகைக் கருவியும் யார் விரலையும் ஏற்கவில்லை. ஆகவே அன்றைக்கு அலுவலகத்தில் இருந்த நூற்றிருபது பேரும் அலுவலகத்துக்கு வராதவர்களாகக் கருதப்பட்டார்கள். வராதவர்கள் எப்படி ஜன்னலில் உட்காரலாம் என்று அவர்களே ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டு கேன்டீனுக்குப் போனார்கள்.

கணினி மட்டும் உழைத்தது. உன்னுடையதா, என்னுடையது முடித்தாயிற்று, உன்னுடையதா, என்னுடையது முடித்தாயிற்று. மூச்சு விடாமல் உழைத்ததில் சூடேறியது. அதன் காற்றாடிக்கு எதிரே முப்பது வருஷத்துக் கோப்புகளை அடுக்கி வைத்திருந்தார்கள். பதினொன்று நாற்பத்திரண்டுக்கு ஒரு கட்டு கருகத் தொடங்கியது. கூரையிலிருந்த புகைக்கருவி பதினோரு மாதத்தில் முதல்முறையாகக் கம்பியைப் பிடித்து உயிர்போகிற மாதிரி இழுத்தது.

"உன்னுடையதா?" என்று கேட்டது கணினி.

"என்னுடையது, முடித்தாயிற்று," என்றது டிரைவர், எட்டிப்பார்க்காமலே. மணி அடிக்கவில்லை.

காவலாளிதான் மூக்கால் கண்டுபிடித்தார். யாரையும் கேட்காமல் கதவை உதைத்துத் திறந்து, குடிநீர் கேனைத் தூக்கிக் கவிழ்த்துத் தீயை அணைத்தார். தன் பணிக்கு அப்பாற்பட்ட தீயில் தலையிட்டது ஏன் என்று விளக்கம் கேட்டு அன்று மாலையே அவருக்கு மெமோ போனது.

அடுத்த நாள் விசாரணை. சதவீதம் சார்தான் தலைமை. அக்கா இரவெல்லாம் ஒத்திகை பார்த்து, உண்மையை அப்படியே சொல்லிவிடுவது என்று முடிவெடுத்துப் போனாள்.

"பதினொண்ணு நாற்பத்திரண்டுக்கு உண்மையிலேயே புகை வந்திருக்கு," என்றார் சதவீதம் சார், பதிவேட்டில் விரல் வைத்து. "அப்போ உன் டிரைவர் என்ன சொல்லியிருக்கு, வாசி."

"'என்னுடையது, முடித்தாயிற்று' சார். ஆனா அது—"

"புகை யாருடையது?"

"புகைக்கருவியோடது சார். ஆனா—"

"அப்போ சரியான பதில்தானே?"

அக்கா வாயைத் திறந்தாள். சரியான பதில்தான். லட்சோப லட்சம் பொய்க்கு நடுவில் அந்த ஒரு இடத்தில் மட்டும் அது சத்தியம்.

"மணி அடிக்கல சார்," என்றாள் மெதுவாக.

"சத்தம் போடாம கடமையைச் செய்யறதுதாம்மா நல்ல ஊழியருக்கு அழகு."

"அழகு," என்றார் பிரிவுத் தலைவர்.

மேஜை மேல் அவளுடைய ஃபைல் திறந்திருந்தது. சதவீதம் சார் பேனா மூடியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார். அக்கா அந்தப் பேனாவைப் பார்த்தாள். பிறகு வாயை மூடிக்கொண்டாள். "நன்றி சார்," என்று சொல்வதற்கு மட்டும் இன்னொரு தடவை திறந்தாள்.

மாலையில் பிரிவுத் தலைவர் போன் செய்தார். "உன் நிரந்தர ஆர்டர் பதிவுத் தபால்ல வருது. கையெழுத்துப் போட்டு வாங்கணும். திரும்பி வந்தா உனக்கு வேலையில விருப்பமில்லைன்னு ரூல்."

அக்கா வீட்டுக்கு வந்தது வேறு ஆளாக. ஸ்டேப்ளர் பெண்மணியின் போஸ்டர் ஒன்றைக் கொண்டுவந்து ஃப்ரிட்ஜில் ஒட்டினாள். "நம்ம வீட்டுல எதைக் கேட்டாலும் 'நான் இல்லை, அவன்தான்'னு ஒரே சண்டை. இனிமே யாரு கேட்டாலும் 'என்னோடது, முடிச்சாச்சு'. அவ்வளவுதான். நிம்மதியா இருக்கலாம்."

உண்மையிலேயே நிம்மதியாக இருந்தது. குப்பை யார் கொட்டணும் என்று அம்மா கேட்டால் நான், "கொட்டியாச்சு." மோட்டாரை நிறுத்தினீங்களா என்றால் அப்பா, "நிறுத்தியாச்சு." குப்பை நாறியது, தண்ணீர் மாடிப்படியில் இறங்கி வந்தது, ஆனால் ஒரு வாரமாக எங்கள் வீட்டில் ஒரு சண்டை இல்லை. பக்கத்து வீட்டு மாமி வந்து என்ன ரகசியம் என்று விசாரித்து, தன் வீட்டுக்கும் ஒரு போஸ்டர் கேட்டார்.

சனிக்கிழமை காலை நான்கு பேரும் வீட்டில் இருந்தோம். வாசலில் மணி அடித்தது.

"நான் பார்த்துட்டேன்!" என்றாள் அம்மா, சமையலறையிலிருந்து.

மறுபடி அடித்தது. "நான் பார்த்துட்டேன்!" என்றார் அப்பா, பேப்பருக்குப் பின்னாலிருந்து. நான் போர்வைக்குள்ளிருந்து சொன்னேன். அக்கா குளியலறையிலிருந்து, எங்கள் எல்லோரையும்விட கம்பீரமாகச் சொன்னாள். மூன்றாவது தடவை அடித்துவிட்டு மணி ஓய்ந்தது.

பத்து மணிக்குப் பால் பாக்கெட் எடுக்கப் போன அம்மா, கதவிடுக்கிலிருந்து ஒரு சீட்டைக் கொண்டுவந்தாள். அக்கா வாங்கிச் சத்தமாகப் படித்தாள். பதிவுத் தபால். மூன்று முறை மணி அடித்தும் யாரும் வந்து பெற்றுக்கொள்ளாததால், அனுப்பிய அலுவலகத்துக்கே திருப்பி அனுப்பப்படுகிறது.

அக்கா சீட்டைத் திருப்பிப் பின்பக்கம் பார்த்தாள். அங்கே ஒன்றும் இல்லை.

"யாருமே கதவைத் திறக்கலையா?" என்றாள்.

"நான்தான் அப்பவே பார்த்துட்டேன்னு சொன்னேனேடி," என்றாள் அம்மா, கோபமாக.

அப்பாவும் சொல்லியிருந்தார். நானும் சொல்லியிருந்தேன். அக்காவும்தான். சொன்னதில் எங்கள் நால்வரில் ஒருவரும் ஒரு குறையும் வைக்கவில்லை.